அலை கடவாத குன்று

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1916ஆம் ஆண்டு பாரதியார் சுதேசமித்திரன் இதழில் ஜப்பானியக் கவிதை குறித்து ஒரு கட்டுரை எழுதினார். அதன்பின் பல பத்தாண்டுகள் கழித்து ஐக்கூ தமிழில் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. இந்த வட்டத்தின் மாதக் கூட்டங்களிலும் மூவடிக் கவிதைகள் படிக்கப்படாத கூட்டம் அரிது. ஆயினும், அக்கவிதை பிறந்த மண்ணும் கடலும் எத்தகையன என்பது இங்கு மிகுதியாகப் பேசப்படவில்லை. ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில் ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க ஒரு பேருந்து வழியைப் பின்பற்றி, கவிதைக்கும் கடலுக்கும் இடையிலான உறவை எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

வழிகாட்டியின் குரல்

ஜப்பானியச் சுற்றுலாப் பேருந்தில் ஓட்டுநருக்கு அடுத்த நிலையில் மதிக்கப்படுபவர் வழிகாட்டிப் பெண். பயணிகளை நோக்கி நின்றபடி, ஒலிவாங்கியைக் கையில் ஏந்தி, சன்னலுக்கு வெளியே வருவதையெல்லாம் அவர் சொல்லால் அறிமுகம் செய்கிறார். இறங்கும் இடத்தில் சிறுகொடி பிடித்து முன்செல்கிறார். ஏறும் இடத்தில் தலை எண்ணுகிறார். ஊர் வரலாறு, கோயிற் கதை, விளைபொருள், நாட்டுப்பாடல் ஆகிய அனைத்தும் அவர் நினைவில் அடுக்கப்பட்டுள்ளன.

இம்மரபுக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1928ஆம் ஆண்டு தெற்கே கியூஷுத் தீவிலுள்ள பெப்பு என்னும் வெந்நீரூற்று நகரில், அபுராயா குமாஹாச்சி என்பார் பெண் வழிகாட்டியருடன் கூடிய சுற்றுலாப் பேருந்தை ஓடவிட்டார். அங்குக் கொதித்தெழும் ஊற்றுகளை ‘நரகங்கள்’ என்று அழைப்பது வழக்கம். அந்நரகங்களைச் சுற்றிக் காட்டிய பெண்கள் தம் விளக்கத்தை வெறும் உரைநடையில் சொல்லவில்லை; ஏழசையும் ஐந்தசையும் மாறிமாறி வரும் சந்தத்தில் சொன்னார்கள். ஏழும் ஐந்தும் ஜப்பானியப் பாவின் அடிப்படை அளவுகள். ஐக்கூவும் அவற்றாலேயே அமைகிறது. அரசவைப் புலவர் கையாண்ட அளவு, சீட்டெடுத்து ஏறிய பயணிக்காகப் பேருந்தில் ஒலித்தது. வாய்மொழி இலக்கியம் புதிய ஊர்தி ஒன்றைத் தேடிக்கொண்டது என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

பாட்டின் தலையணை

இவ்வுரை கூறும் வழி, செண்டாய் நகரில் தொடங்கித் தகாஜோ, ஷியோகாமா, மட்சுஷிமா ஆகிய ஊர்களைக் கடந்து, வடக்கே மினாமிசன்ரிக்கு வரை செல்வது. இதன் முற்பகுதி ஐக்கூ முதல்வர் பாஷோ நடந்த வழி. 1689ஆம் ஆண்டு, சோரா என்னும் சீடருடன் அவர் எடோ நகரிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ ஐந்து மாதங்கள் வடநாட்டில் அலைந்தார். அப்பயணத்தின் விளைவாகிய ‘ஓக்கு நோ ஹோசோமிச்சி’ என்னும் நூல் அவர் மறைவுக்குப் பின் 1702இல் அச்சேறியது.

பாஷோ காட்சியை மட்டும் தேடிச் செல்லவில்லை. பெயர்களைத் தேடிச் சென்றார். முன்னோர் பாடிய பாடல்களில் இடம்பெற்று, சொன்ன அளவிலேயே ஓர் உணர்வை எழுப்பும் ஊர்ப்பெயர்களுக்கு ஜப்பானியர் ‘உத்தா மக்குரா’ என்று பெயரிட்டனர். ‘பாட்டின் தலையணை’ என்பது அதன் பொருள். பாட்டு அப்பெயர்மேல் தலைசாய்த்து இளைப்பாறுகிறது. நெய்தல் என்றவுடன் இரங்கல் தோன்றுவதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது விளங்குவது எளிது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தமிழ்த் திணைமரபு நிலவகைக்கு உணர்வைப் பொருத்தியது; ஜப்பானிய மரபு குறிப்பிட்ட ஓர் ஊருக்கு, ஒரு குன்றுக்கு, ஒரு பாறைக்கு உணர்வைப் பொருத்தியது.

அத்தகைய குன்றுகளுள் ஒன்று தகாஜோவில் உள்ளது. சுயே நோ மட்சுயாமா என்பது அதன் பெயர். கோயிலொன்றின் பின்புறத்தே, வீடுகளுக்கு நடுவில், பைன் மரங்கள் நிற்கும் தாழ்ந்த மேடு. பேருந்திலிருந்து இறங்கிப் பார்ப்பவர்க்கு இதில் என்ன இருக்கிறது என்றே தோன்றும். ஆயினும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக இது ஜப்பானியக் காதற் பாடல்களில் வாழ்கிறது. 905ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற ‘கோக்கின்ஷு’ என்னும் தொகைநூலின் வடநாட்டுப் பாடல் ஒன்று, காதலரின் உறுதிமொழிக்கு இக்குன்றைச் சான்றாக வைத்தது. கடலலை இக்குன்றைக் கடந்தாலன்றித் தம் நெஞ்சம் மாறாது என்பது அதன் கருத்து. அன்றுமுதல் குன்றைக் கடக்கும் அலை என்பது நடக்கவொண்ணாததன் குறியீடாயிற்று. உறுதி தவறிய காதலரைப் பழிக்கவும் பயன்பட்டது. கியோஹாரா நோ மோட்டோசுக்கே என்னும் புலவர் இக்கருத்தை வைத்துப் பாடிய பாடல் ‘நூறு புலவர் நூறு பாடல்’ தொகையில் இடம்பெற்றுள்ளது. பாஷோ இங்கு வந்தபோது, பைன் மரங்களுக்கிடையே கல்லறைகளைக் கண்டு, காதலரின் உறுதிமொழிகளெல்லாம் ஈற்றில் சேரும் இடம் இதுதானோ என்று வருந்தினார்.

கடற்கரையிலிருந்து விலகி உள்ளே தள்ளி நிற்கும் ஒரு மேட்டை அலை கடப்பது பற்றி ஒரு புலவன் ஏன் எண்ணவேண்டும்? இக்கேள்வியை நெடுங்காலம் எவரும் கேட்கவில்லை. அது வெறும் கற்பனை என்றே கொள்ளப்பட்டது.

மண் சொன்ன சான்று

869ஆம் ஆண்டு வடகிழக்கில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. 901இல் நிறைவுற்ற அரசவைக் குறிப்பேடு அதனைப் பதிவு செய்துள்ளது. தகாஜோவில் அக்காலத்தில் வடநாட்டு ஆட்சித் தலைமையிடம் இருந்தது. கடல் பொங்கி அந்நகரின் அடிவரை வந்ததென்றும், ஏறத்தாழ ஆயிரம் பேர் மூழ்கினரென்றும் அவ்வேடு கூறும். கோக்கின்ஷு தொகுக்கப்பெற்றது அதன்பின் 36 ஆண்டுகளே கழித்து என்பது கருதத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செண்டாய்ச் சமவெளியை அகழ்ந்த நிலவியலாளர்கள், கடலிலிருந்து வெகுதொலைவில் வயல்களுக்கு அடியில் கடல்மணற் படிவைக் கண்டெடுத்தனர். ஏட்டின் சொல்லை மண் மெய்ப்பித்தது.

அப்பேரலை ஊரை மூழ்கடித்தும் அக்குன்றைக் கடக்கவில்லை; அந்நினைவே காதற்பாடலில் உறைந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். ஐயுறுவோரும் உளர். எனினும், 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் பிற்பகல் 2.46க்கு 9.0 அளவில் நிலம் நடுங்கி, கடல் மீண்டும் தகாஜோவுக்குள் புகுந்தது. நகரின் மூன்றில் ஒரு பங்கு நீரில் ஆழ்ந்தது. குன்றின் கீழே, மற்றொரு பாடற்பெயராகிய ‘ஓக்கி நோ இஷி’ என்னும் பாறைக்குளம் வரை வெள்ளம் வந்தது. குன்றை அது கடக்கவில்லை.

இங்குக் கவிஞர்கள் மகிழ்வதோடு நின்றுவிடலாகாது. பாட்டு எதனைக் காத்தது, எதனை இழந்தது என்று பார்க்கவேண்டும். ‘கடக்காது’ என்னும் உறுதியைப் பாட்டு காத்தது. ‘அதுவரை வந்தது’ என்னும் அச்சத்தை இழந்தது. அலை, காதலின் அணியாக மாறிய பின்னர் எச்சரிக்கையாக நிற்கவில்லை. இறந்தோர் எண்ணிக்கையை ஏடு வைத்திருந்தது. அலை எட்டிய எல்லையை மணல் வைத்திருந்தது. ஏறித் தப்பத்தக்க மேடு எது என்பதை மட்டும் பாட்டு வைத்திருந்தது. மூன்றும் ஒருங்கே எவர் கையிலும் இருக்கவில்லை.

மட்சுஷிமாவின் மௌனம்

ஷியோகாமாவிலிருந்து மட்சுஷிமாவுக்குப் படகில் ஐம்பது நிமிடப் பயணம். பாஷோவும் படகிலேயே சென்றார். விரிகுடாவில் 260க்கும் மேற்பட்ட தீவுகள். ஒவ்வொன்றின்மேலும் பைன் மரங்கள் காற்றுக்கு வளைந்து நிற்கின்றன. 1643இல் ஹயாஷி காஹோ என்னும் அறிஞர் நாட்டின் மூன்று பெருங்காட்சிகளுள் ஒன்றாக இதனைக் குறித்தார். கரையில் தாத்தே மாசமுனே என்னும் சிற்றரசர் 1609இல் புதுப்பித்த சுயிகான்ஜி ஆலயம் உள்ளது. கூடையில் வந்திறங்கும் சிப்பி, வரிசையாய் நிற்கும் கடைகள், ‘சைத்தாரோ புஷி’ என்னும் மீனவர் பாடல் ஆகியவற்றையெல்லாம் வழிகாட்டி தவறாமல் சொல்வார்.

ஊரின் பெயரையே மும்முறை அடுக்கி வியக்கும் ஒரு பாடல் பாஷோவுடையதென்று மக்களிடையே வழங்குகிறது. உண்மையில் அது பிற்காலத்து வேடிக்கைப் பாவலர் ஒருவருடையது. பாஷோ தம் நூலில் மட்சுஷிமாவைப் பற்றி அழகிய உரைநடையில் எழுதினார். தம் பாடல் ஒன்றையும் அவ்விடத்தில் வைக்கவில்லை. வாய்மூடிப் படுத்தும் உறக்கம் வரவில்லை என்று எழுதி, சோராவின் பாடலை மட்டும் சேர்த்தார். பெருங்காட்சியின் முன் கவிஞன் அடங்கியமைக்கு இது சான்றாகச் சொல்லப்படுவது.

2011இல் இத்தீவுகள் அலையின் வேகத்தைத் தடுத்தன. அண்டைக் கடற்கரைகளோடு ஒப்பிடுகையில் இவ்வூரின் அழிவு குறைவு. ஆனால் ஆலயத்தின் நெடும்பாதைவரை கடல்நீர் ஏறியது. உப்பு வேரில் இறங்க, பாதையின் இருமருங்கும் நின்ற முதுமரங்கள் பட்டுப்போயின. அவற்றுட் பலவற்றை வெட்ட நேர்ந்தது. இன்று அப்பாதையில் நடப்பவர்மேல் முன்னில்லாத வெயில் விழுகிறது. அழகைப் பார்க்க வந்தவர்க்கு அவ்வெயிலின் காரணத்தையும் சொல்வதே நேர்மையான வழிகாட்டுதல்.

சான்று கூறுவோர்

வடக்கே செல்லச்செல்லக் கடற்கரை ஒடுங்கிய குடாக்களாக மடிகிறது. இதுவே சன்ரிக்குக் கரை. ஒடுங்கிய குடாவில் அலை உயர்ந்தெழும். இங்கு 1896இல் ஏறத்தாழ 22,000 பேரும், 1933இல் ஏறத்தாழ 3,000 பேரும் மாண்டனர். 1933க்குப் பின் அனேயோஷி என்னும் சிற்றூரார், இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று கல்லில் வெட்டி மலைச்சரிவில் நாட்டினர். 2011இல் அக்கல்லை எட்டாமல் அலை திரும்பியது. அவ்வூர் வீடுகள் தப்பின. அணியற்ற அந்தக் கல்லெழுத்து, பாட்டு இழந்த அச்சத்தை இழக்காமல் வைத்திருந்தது.

மினாமிசன்ரிக்கு நகரில் செந்நிற இரும்புச் சட்டகம் ஒன்று நிற்கிறது. அது முன்பு மூன்றடுக்குப் பேரிடர்த் தடுப்பு அலுவலகம். அங்கிருந்து நகர ஊழியரான இளம்பெண் ஒருவர், மேட்டுக்கு ஓடுங்கள் என்று ஒலிபெருக்கியில் இடைவிடாது அறிவித்தார். அலை கூரைக்குமேல் போயிற்று. அவரையும் சேர்த்து 43 பேர் அங்கு உயிரிழந்தனர். உச்சிக் கம்பிகளைப் பற்றிய சிலரே தப்பினர்.

இச்சட்டகத்தை என்ன செய்வது? நாள்தோறும் இதைக் காண இயலாது, இடித்துவிடுங்கள் என்றனர் உறவினர் சிலர். இடித்தால் மறந்துபோகும், இருக்கட்டும் என்றனர் வேறு சிலர். 2013இல் இடிப்பதென்று நகராட்சி முடிவு செய்தது. 2015இல், 2031 வரை மாகாண அரசின் உடைமையில் வைத்து எண்ணிப் பார்ப்பதென்று ஏற்பாடாயிற்று. 2024இல் நகராட்சியே அதனை ஏற்று, நிலையாகக் காப்பதென்று முடிவெடுத்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் இரு வேறு துயரங்களுள் எது மெய் என்று தீர்ப்பளிக்க எவர்க்கும் உரிமையில்லை. முடிவெடுக்காமல் காத்திருந்த ஆண்டுகளும் அத்துயரத்துக்குச் செய்த மரியாதையே எனலாம்.

இந்நகரில் கடலோர விடுதி ஒன்று 2012 முதல் ‘கத்தாரிபே’ பேருந்தை நடத்திவந்தது. கத்தாரிபே என்றால் கதை சொல்லும் மரபினர். பழங்காலத்தில் அரச மரபுகளை மனப்பாடமாய் ஓதியவர்க்கு அது பெயர். இப்போது அப்பெயர், அலையில் தப்பிய உள்ளூர்க்காரர்க்கு வந்துள்ளது. அவர்கள் பேருந்தில் முன்னால் நின்று பேசுகின்றனர். பெப்புவின் வழிகாட்டி இருப்பதைக் காட்டினார். கத்தாரிபே இல்லாததைக் காட்டுகிறார். இங்குப் பள்ளி இருந்தது, இங்குக் கடைத்தெரு இருந்தது என்று வெற்று நிலத்தைச் சுட்டும்போது பயணியின் கண் காண்பது புல்லை. செவி கேட்பது ஊரை. சந்தம் இல்லை, பாட்டு இல்லை. ஆயினும் இதுவே இலக்கியத்தின் மூலத்தொழில்.

துன்பத்தைக் காட்சிப்பொருளாக்குவது தகுமா என்ற வினா எழும். தகாதுதான், காட்டுபவர் அயலாராயின். சொல்லுதற்குரியவரே சொல்லி, வந்தவரைத் தம் ஊர் மேட்டின் பெயரோடு அனுப்பிவைத்தால் அது காட்சி ஆகாது, சான்று ஆகும்.

தமிழ்க் கரைக்கு ஒரு சொல்

தமிழில் கடல்கோள் என்னும் சொல் தொன்மையானது. சிலப்பதிகாரம் கடல்கொண்ட ஆற்றையும் மலையையும் நினைக்கிறது. மணிமேகலை புகாரைக் கடல் கொண்டதைக் கூறி, இந்திரவிழா நின்றுபோனதே காரணம் என்கிறது. அங்கும் பாட்டு ஒரு பாதியைக் காத்து மறுபாதியைப் புராணமாக்கிற்று. 2004 டிசம்பர் 26 வரை தமிழ்நாட்டு மக்களுட் பெரும்பாலோர் சுனாமி என்ற சொல்லைக் கேட்டதில்லை. ‘துறைமுக அலை’ என்று பொருள்படும் அந்த ஜப்பானியச் சொல், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு தமிழுக்குள் நுழைந்தது. அதன்பின் ஆழிப்பேரலை பற்றி எண்ணற்ற கவிதைகள் வந்தன. கடலைத் தாயென்றும் பேயென்றும் அவை விளித்தன. அவற்றுள் எத்தனை கவிதைகளில் ஓர் ஊரின் பெயர் இருக்கிறது? மக்கள் ஓடி ஏறிய மணல்மேட்டின் பெயர், நீர் வந்து நின்ற தெருவின் பெயர் எத்தனை கவிதைகளில் உண்டு?

இவ்வட்டம் பத்தாண்டுகளில் பல கவிஞர்களை வளர்த்துள்ளது. அடுத்த பத்தாண்டில் அவர்களுள் சிலரேனும் கடற்கரைக் குப்பங்களுக்குச் சென்று, அங்குள்ள முதியோரை முன்னிறுத்திக் கேட்டு, அவ்விடப் பெயர்களைப் பாட்டில் ஏற்றுவார்களாயின் அது நற்பணியாகும். அணி குறைந்தாலும் குறையட்டும். அலை எதுவரை வந்தது, எதனைக் கடக்கவில்லை என்னும் இரண்டும் அப்பாட்டில் இருக்கவேண்டும். ஆயிரம் ஆண்டுகள் கழித்து ஒரு குழந்தை எந்தத் திசையில் ஓடவேண்டும் என்பதை அப்பாட்டு அதற்குச் சொல்லக்கூடும்.