பழைய காரும் ஷாக் அப்சார்பரும்
(நம் சங்கத்தின் தென்னேரிக் கூட்டத்தில் பேசியது)

நம் பார்க்கிங்கில் இன்னும் சில மாருதி 800 நிற்கின்றன. 1983-ல் வந்து, 2014-ல் உற்பத்தி நின்ற கார். என்னுடையதும் அதுதான். வாலாஜாபாத் போய் வருவதற்குள் குதித்துக் குதித்து இடுப்பை ஒடித்துவிடும்.

ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய்தான் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் டயர் தரையைச் சரியாகப் பிடிக்காது. பிரேக் போட்டாலும் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒவ்வொரு மூலையையும் பலமாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால், டார்ச் அடித்து எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா பாருங்கள். மாற்றினால் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஆனால் கழற்றும் வேலை நமக்கு வேண்டாம். முன்பக்கம் ஸ்பிரிங்கை அழுத்தித்தான் பொருத்தியிருப்பார்கள். அதைப் பிடித்து வைக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் குண்டு போலத் தெறிக்கும். வீடியோ பார்த்து நானும் ஸ்பேனரை எடுத்தேன். மெக்கானிக் தம்பி ஒருவர் ஓடிவந்து தடுத்தார். இல்லையென்றால் இன்று இங்கே நின்று பேசியிருக்க மாட்டேன்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் இடம் இது.