ஆட்டத்தின் விதியை மாற்றலாமா?



விதியில்லாத விளையாட்டு வெறும் ஆரவாரம். இதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அந்த விதியை வகுத்தவர் யார்? அதை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? குடியாட்சி நாட்டில் வாழும் நாம் இவ்வினாக்களை எண்ணிப் பார்ப்பது நன்று. சதுரங்கத்தைச் சான்றாகக் கொண்டு இன்று இதனைச் சற்று ஆராய்வோம்.

தாயக்கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரியின் காயை ஒருமுறையேனும் வெட்டியவர்தாம் உள்கட்டத்துள் நுழையலாம் என்பர் ஒரு வீட்டார். அப்படியொன்றும் இல்லை என்பர் அடுத்த வீட்டார். தெருவுக்குள் ஆடும்வரை இதனால் தீங்கில்லை. ஊர்விட்டு ஊர் சென்று ஆடும்போதுதான் சிக்கல் எழுகிறது.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது, இடைவேளையில் இரு மாணவர் சதுரங்கப் பலகையின் முன் உரத்து வாதிட்டனர். ஒருவனுடைய சிப்பாய், குதிரை நிற்கும் வரிசையின் கடைசிக் கட்டத்தை அடைந்துவிட்டது. அதை ராணியாக்க வேண்டும் என்றான் அவன்; புத்தகம் பார்த்துக் கற்றவன். "குதிரைக் கட்டத்தில் சேர்ந்தது குதிரையாகத்தான் ஆகும்" என்றான் மற்றவன். தேவனாம்பட்டினத்தில் தன் பாட்டனாரிடம் கற்றவன். இருவரும் உண்மையே பேசினர். ஒருவன் உலக விதியைச் சொன்னான். மற்றவன் பழைய இந்திய விதியைச் சொன்னான். இரு விதிகளின்படியும் ஆளுக்கோர் ஆட்டம் ஆடச் சொன்னேன். மணி அடித்தும் அவர்கள் எழவில்லை!

பழைய இந்திய முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டந்தான் செல்லும். அரசனையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றிக் கோட்டை கட்டும் வழக்கம் அதில் இல்லை. அதற்கு ஈடாக, அரசன் ஒரே ஒருமுறை குதிரையைப்போல் தாவலாம். இவற்றிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு.

உலக விதி மட்டும் என்றும் மாறாது இருந்ததோ? அதுவும் இல்லை. பண்டைய ஆட்டத்தில் அரசனருகே நின்ற மந்திரி மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்தார். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அவரே ராணியாகி, எத்திசையிலும் எத்தனை கட்டமும் செல்லும் ஆற்றல் பெற்றார். நாம் இன்று மரபு எனப் போற்றுவது, ஒரு காலத்தில் பலரைத் திகைக்கவைத்த புதுமையே ஆகும்.

இந்திய முறையில் பயின்ற மீர் சுல்தான் கான், வயது வந்தபின் உலக விதிகளைக் கற்று, 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றார். 1951இல் அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு தோன்றியது. உலக விதிகள் நாடெங்கும் வேரூன்றின. தமிழ்நாட்டின் மானுவேல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1988இல் விசுவநாதன் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024இல் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் பட்டம் வென்றார். பொது விதியை ஏற்றதன் பயன் இது.

இப்போது அப்பொது விதியையே மாற்றவேண்டும் என்னும் குரல் எழுந்துள்ளது. கோட்டை கட்டுவதை நீக்கிவிடலாம் என்று 2019இல் முன்மொழிந்தவர், முன்னாள் உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக். மேல்நிலை வீரர்கள் கணினியின் துணையால் தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்து வருகின்றனர். அரசன் விரைவில் பாதுகாப்பான மூலைக்குப் போய்விடுகிறான். பல ஆட்டங்கள் வெற்றிதோல்வியின்றி முடிகின்றன. இதுவே அவர் கூறும் குறை. 2020 சனவரியில் நம் சென்னையிலேயே கோட்டை கட்டாத போட்டி ஒன்று நடைபெற்றது. 2021இல் டார்ட்மண்டு நகரில் அவ்விதியின்படி ஆனந்தும் கிராம்னிக்கும் மோதினர், ஆனந்த் வென்றார்.

2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஆல்பாசீரோ என்னும் கணினி நிரல் ஒன்பது மாற்று விதிகளைத் தனக்குத்தானே ஆடிச் சோதித்தது. அவற்றுள் ஒன்று, சிப்பாய் எப்போதும் ஒரு கட்டமே நகரவேண்டும் என்பது. அந்த மாணவனின் பாட்டனார் அறிந்திருந்த விதியல்லவா அது!

எதிர்ப்போர் கூற்றிலும் வலிமை உண்டு. பல நூற்றாண்டுகளாகத் தேடிய அறிவும், அச்சான ஆட்டங்களும் பெரும்பகுதி பயனற்றுப் போகும். உச்சியில் நிற்கும் சிலருடைய சலிப்புக்காக, நூலகத்துப் பழம்புத்தகத்தைக் கொண்டு பயிலும் சிற்றூர்ச் சிறுவன் ஏன் இழப்பை ஏற்கவேண்டும்? அவனுக்குக் கோட்டை கட்டிய ஆட்டமும் இன்னும் சலிக்கவில்லை. கோட்டைக்குள் புகுந்தால் மட்டும் அரசன் தப்பிவிடுவதும் இல்லை. எங்கள் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை 1758இல் பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்த வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள்.

என் கருத்து இதுவே. ஒரு விதியை மாற்றுமுன் மூன்று வினாக்களை எழுப்பவேண்டும். குறை உண்மையில் யாருடையது? மாற்றத்தால் இழப்பவர் யார்? ஆடிப் பார்த்துத் தேர்ந்தோமா? கோட்டை விதியைப் பொறுத்தவரை, குறை மேல்நிலையாளருடையது. இழப்போ எல்லோருக்கும் உரியது. ஆகையால் பொது விதி நிலைக்கட்டும். புதிய முறை அதனருகே தனி ஆட்டமாக வளரட்டும். மக்கள் விரும்பினால் அது தானே பரவும். ராணியின் புதிய ஆற்றல் அவ்வாறுதான் பரவிற்று. ஆட்டத்தின் நடுவே மட்டும் எவ்விதியையும் மாற்றலாகாது. தோற்பவன் அங்கு விதியைத் திருத்த முனைவது, ஆட்டத்தையும் நட்பையும் ஒருங்கே கெடுக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உலக விதியை ஏற்றபோது நாம் பெற்றது பெரிது. எனினும், ஊர்தோறும் இருந்த பழைய முறைகளை முழுமையாக எழுதி வைக்காமல் விட்டோம். மாற்றத்தை ஏற்பவர்க்கும் பழையதைப் பதிவுசெய்யும் கடமை உண்டு. உங்கள் வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ இருந்தால், தாயமும் ஆடுபுலியாட்டமும் சதுரங்கமும் அவர்கள் எவ்விதிப்படி ஆடினர் என்று இந்த விடுமுறையிலேயே கேளுங்கள். ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவர்களோடு ஓர் ஆட்டம் அவ்விதிப்படியே ஆடிப் பாருங்கள்.