கலாசாலை மாணவரும் வீட்டுக் கணக்கும்

(செய்யூரில் கூடிய நமது குலத்தாரின் கல்வி நிதிக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது நிதியினின்று உதவித்தொகை பெற்றுக் கலாசாலை செல்லும் பிள்ளைகளின் தொகை பெருகி வருவது கண்டு நாம் பெரிதும் மகிழ்கின்றோம். ஆயினும், மகிழ்ச்சியை மட்டும் எடுத்துரைத்து உங்களைக் கலைந்து போகவிட நமக்கு மனமில்லை. பொருளாதாரத்தில் பட்டம் பெறப் போகும் பிள்ளையொருவனை, “உன் தகப்பனார் சென்ற ஆண்டு எவ்வளவு கடன்பட்டார்? வட்டி என்ன?” என்று வினவினால், அவன் விழிக்கின்றான். தேசிய வருமானம் இன்னதென்பான். பணவீக்கத்துக்கு இலக்கணமும் சொல்வான். தன் தாயாரின் வளையல் எந்தக் கடையில் அடகிலிருக்கின்றது என்பதை மட்டும் அறியான். குற்றம் அவனுடையதன்று. பிள்ளையின் படிப்புக்கு இடையூறு நேருமென்றஞ்சிப் பெற்றோரே அதனை மறைத்து வைக்கின்றனர்.

இஃது நமது குலத்துக்கு மட்டும் உரிய குறையென்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. நிதிக் கல்விக்கான தேசிய மையம் 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இத்தேசத்தில் வயது வந்தோருள் நூற்றுக்கு 27 பேரே பண விஷயத்தில் போதிய அறிவுடையோராகக் காணப்பட்டனர்.

இதற்குப் பரிகாரம் புதிதாய்த் தேட வேண்டியதில்லை; நூறாண்டுக்கு முன்னரே சென்னையில் ஒருவர் காட்டிச் சென்றுள்ளார். சென்னைச் சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதற் பேராசிரியராக 1915-ஆம் ஆண்டின் இறுதியில் வந்து சேர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். அவர் மாணவரைப் புத்தகத்தோடு நிறுத்தவில்லை. வினாத்தாள் ஒன்றை வகுத்து அவர்கள் கையிற் கொடுத்து, கிராமங்களுக்குப் போய் விசாரித்து வாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாரிடம் எவ்வளவு, குத்தகை என்ன, கூலி நெல்லாகவா காசாகவா, கடன் யாரிடம், எதற்காக வாங்கியது என்றெல்லாம் மாணவர் கேட்டெழுதினர். அவ்வறிக்கைகள் 1918-இல் நூலாயின. நமக்கு அண்மையிலுள்ள காஞ்சிபுரத்தை அடுத்த தூசி, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து இருவேல்பட்டு, தெற்கே கங்கைகொண்டான், வடமலைபுரம், தஞ்சைச் சீமையில் பாலக்குறிச்சி ஆகியவை அந்நூலில் இடம்பெற்ற ஊர்கள். பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் என்னும் இருவர் அதே ஊர்களை மறுபடி ஆராய்வித்து 1940-இல் மற்றொரு நூல் வெளியிட்டனர். இந்த நூற்றாண்டிலுங்கூட ஆராய்ச்சியாளர் இருவேல்பட்டுக்குப் போய் வந்திருக்கின்றனர். மாணவர் கையால் எழுதிய கணக்கு இத்தனை காலம் பயன்படுமென்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

நமது பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு வேறொரு பெருமையுமுண்டு. பிரெடரிக் நிக்கல்சன் கிராமக் கடன் பற்றி 1895-லும் 1897-லும் அறிக்கை எழுதியபின், 1904-இல் கூட்டுறவுக் கடன் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரையடுத்த திரூரில் விவசாயிகளின் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கமும் பதிவாயின. இவ்விரண்டூரும் அக்காலத்தில் இந்த ஜில்லாவைச் சேர்ந்தவையே. இதை நமது பட்டதாரிகளில் எத்தனை பேர் கேட்டிருப்பர்?

இனி, கணக்குக்கு வருவோம். அறுபதாயிரம் ரூபாய் கடன், பன்னிரண்டு மாதத் தவணை, வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு என்று ஒருவன் வந்து சொல்கின்றான். வட்டி 7,200 ரூபாய். மாதம் 5,600 ரூபாய் கட்டினாற் போதும். நியாயமாகவே தோன்றும். ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்து வருகின்றதே! குறையாத அசலுக்கு வட்டி போட்டிருப்பதால், உண்மை வட்டி நூற்றுக்கு இருபத்தொன்றுக்கு மேற்படும். கைப்பேசியிற் கடன் கொடுப்போர் இதனை மறைக்கலாகாது என்பதற்காகவே ரிசர்வ் வங்கி 2022-இல் விதி வகுத்து, ஆண்டு வட்டி விகிதத்தை முழுச் செலவோடு சேர்த்து எழுதித்தர வேண்டுமென்றது. தாளைக் கொடுக்கச் சட்டமிருந்தும், வாசிக்க ஆளில்லையேல் என் செய்வது?

கல்விக் கடனும் அப்படியே. நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டின் தொடக்கந்தோறும் ஓர் இலட்சம் வாங்கினால், வட்டி நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது, தனிவட்டியாகவே கணக்கிடினும் 5,40,000 ரூபாய் நிற்கும். நான்கு இலட்சந்தானே என்று எண்ணிக் கையெழுத்திட்ட தகப்பனார் அன்றுதான் திடுக்கிடுகின்றார். கடன் வாங்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வாங்கியே பல பிள்ளைகள் முன்னேறியிருக்கின்றனர். கையெழுத்திடும் நாளிலேயே அந்த 5,40,000 தெரிந்திருக்க வேண்டுமென்பதே நமது வேண்டுகோள்.

ஆசை காட்டுவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, வெள்ளைக்காரன் கம்பெனி என்ற நம்பிக்கையே பல குடும்பங்களை நாசஞ்செய்தது. அந்த அதிர்ச்சியிற் பிறந்ததே 1907-இல் தோன்றிய இந்தியன் வங்கி. 2022-இலோ, மாதம் நூற்றுக்கு முப்பது வரை தருவதாய்ச் சொன்ன கம்பெனிமீது சென்னையில் வழக்கு நடந்தது. மாதம் முப்பது கொடுக்கத்தக்க இலாபம் எந்தத் தொழிலிலுண்டு? நமது பக்கத்து உப்பளத்திலுண்டா, தர்ப்பூசணிக் கொல்லையிலுண்டா? படித்தவரும் இதைக் கேளாமற் பணங் கட்டினர்.

இவ்விஷயத்தில் நமது தாய்மார் பிள்ளைகளை விட மேல். 1989-இல் தருமபுரி ஜில்லாவில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இன்று ஊர்தோறும் இருக்கின்றது. அதில் வாரந்தோறும் அமர்ந்து வரவு செலவு பார்த்த தாய்க்குத் தெரியும் வட்டி, வாணிபப் பட்டம் பெற்ற மகனுக்குத் தெரிவதில்லை.

ஆகவே நாம் ஒரு யோசனை கூறுகின்றோம். உதவித்தொகை பெறும் மாணவர், மாணவியர் ஒவ்வொருவரும் வரும் கோடை விடுமுறையில் தம் வீட்டுக் கணக்கையும், சம்மதிக்கும் பத்து வீடுகளின் கணக்கையும் எழுதித் தருக. “குடும்பக் கடனை வெளியிடுவது மானக்கேடு, பெண் கொடுக்கல் வாங்கலுக்கு இடையூறாகும்” என்று பெரியவர் சிலர் நம்மிடம் ஏற்கனவே கடிந்துகொண்டனர். அவர்கள் அச்சம் வெறும் அச்சமன்று. சிற்றூரில் பேச்சு எவ்வளவு விரைவிற் பரவுமென்பதை நாமும் அறிவோம். எனவே பத்து வீட்டுத் தாள்களிற் பெயரும் தெருவும் எழுதப்படா, எண் மட்டுமே. சொந்த வீட்டுக் கணக்கோ சங்கத்துக்கு வரவே வேண்டாம். பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து எழுதி வீட்டிலேயே வைத்துக் கொள்க. எழுதினோமென்று இருவரும் ஒப்பமிட்ட சீட்டொன்றே நமக்குப் போதும். அடுத்த ஆண்டு உதவித்தொகைக்கு அச்சீட்டு கட்டாயமா என்பதை நிர்வாக சபை முடிவு செய்யும்; கட்டாயமாக்க வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.

வினாத்தாள்கள் காரியதரிசியிடம் உள்ளன. சாப்பாட்டுக்கு எழுமுன் மாணவர் பெற்றுச் செல்லலாம்.