முகமும் களிம்பும்



நம் நாட்டில் பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்க் கடைத்தெருக்களிலும் இந்நாளில் அழகு நிலையங்களைக் காண்கிறோம். தையற்கடைக்கு மேல் மாடியிலோ, வீட்டின் முன்னறையிலோ, இரண்டு நாற்காலியும் ஒரு பெரிய கண்ணாடியும் கொண்டு நடைபெறும் நிலையங்கள் அவற்றுள் மிகப் பல. சில மாதங்கள் பயின்று, அத்தொழிலைக் கொண்டே குடும்பத்தைத் தாங்கி வரும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களை உள்ளத்திற் கொண்டே இன்று பேசுகிறோம். அவர்களிடம் செல்லும் பெண்களும் ஆண்களும் உடனிருந்து கேட்பதில் தவறொன்றும் இல்லை.

தோல் மருத்துவர் ஒருவர் ஒரு முகத்தைப் பார்க்கும் நேரம் சில நிமிடங்களே. அழகுக்கலை செய்பவரோ அதே முகத்தை நல்ல விளக்கொளியில், விரல் நுனியால் தொட்டுத் தொட்டு, முக்கால் மணி நேரம் பார்க்கிறார். நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெண் மருத்துவரிடம் சொல்லாத செய்தியையும் இவரிடம் சொல்லுவாள். "மருந்துக் கடையில் ஒரு கிரீம் வாங்கிப் போடுகிறேன் அக்கா, முகம் பளிச்சென்று இருக்கிறது" என்பாள். அதனை அவள் மருந்தென்றே கருதுவதில்லை. ஆகையால், "ஏதேனும் மருந்து பூசுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்கும்போது அது அவள் நினைவுக்கு வருவதும் இல்லை. அந்தக் களிம்பைப் பற்றித்தான் நாம் முதலிற் பேச வேண்டும்.

அதற்கு முன் நிறத்தைப் பற்றி ஓரிரு சொற்கள். தோலின் மேற்புறத்தில் உள்ள மேற்றோல் மிக மெல்லியது; கண்ணிமையில் அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனமே உடையது. அதன் அடிவரிசையில் மெலனின் என்னும் நிறமியைச் செய்யும் செல்கள் ஆங்காங்கே அமைந்துள்ளன. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் நமக்கும் இச்செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை செய்து அனுப்பும் நிறமித் துகள்களின் அளவும் பருமனும் அவை பரவியிருக்கும் முறையுமே மாறுபடுகின்றன. இத்துகள்கள் செல்லின் உட்கருவின் மீது குடை பிடித்தாற்போல் கவிந்து நின்று, கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் அதனைத் தாக்காமற் காக்கின்றன. எனவே மாநிறம் என்பது அழுக்கன்று. தேய்த்துக் கழுவிப் போக்கத் தக்க கறையும் அன்று.

மாநிறத் தோலுக்கு ஓர் இயல்பு உண்டு. பருவோ, சூடோ, உராய்வோ, காரமான பூச்சோ அதனைச் சினமூட்டினால், புண் ஆறிய பின்னும் அந்த இடம் கறுத்துப் பல மாதம் நிற்கும். வெள்ளைத் தோலுக்கென எழுதப்பட்ட செய்முறைகளை அப்படியே நம்மவர் முகத்தில் செய்யலாகாது என்பதற்கு இதுவே காரணம். கருமையைப் போக்குவதற்காக அழுத்தித் தேய்ப்பவர் கருமையைத்தான் வளர்க்கிறார்.

இனிக் களிம்புக்கு வருவோம். 1952-ஆம் ஆண்டில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைத் தோலின் மேற்பூச்சாகப் பயன்படுத்தி நற்பயன் காணலாம் என்பதை அமெரிக்க மருத்துவர் சல்ஸ்பெர்கரும் விட்டனும் வெளியிட்டனர். கரப்பான் முதலிய நோய்களால் அல்லலுற்றோர்க்கு அது பெரும் பேறாக அமைந்தது. இன்றும் அவ்வாறே. ஸ்டீராய்டு நஞ்சு என்று நாம் சொல்ல வரவில்லை. தக்க நோய்க்கு, தக்க அளவில், தக்க காலத்திற்கு மருத்துவர் கொடுக்கும்போது அதற்கு ஈடான மருந்து அரிது.

ஆனால் இம்மருந்து இரத்த நாளங்களைச் சுருக்கும் தன்மை உடையது. நாளங்கள் சுருங்கவே அவ்விடத்தின் தோல் வெளுத்துத் தோன்றும். 1962-இல் மக்கென்சி, ஸ்டாட்டன் என்னும் இருவர், எந்த ஸ்டீராய்டு எவ்வளவு வலியது என்பதை அளப்பதற்கே இந்த வெளுப்பைக் கருவியாகக் கொண்டனர். மருந்து எவ்வளவுக்கு வலியதோ அவ்வளவுக்கு வெளுப்பு மிகும். ஆய்வுக்கூடத்தில் மருந்தின் வலிமையைக் காட்டும் அதே குறியைத்தான் கண்ணாடி முன் நிற்கும் பெண் 'நிறம் வந்து விட்டது' என்று கருதி மகிழ்கிறாள். பருவின் சிவப்பு அடங்குகிறது, முகம் வழவழக்கிறது, பத்தே நாளில் அக்கம்பக்கத்தார் கேட்கத் தொடங்குகிறார்கள். களிம்பின் பெயர் அடுத்த வீட்டுக்கும் போய்விடுகிறது.

அதன் பின் நிகழ்வதைப் பார்ப்போம். முகத்தோல் கைத்தோலைப் போன்றதன்று. முன்கையின் தோல் ஹைட்ரோகார்ட்டிசோனை ஒரு பங்கு உறிஞ்சினால், நெற்றித்தோல் சுமார் 6 பங்கும், தாடை மூலையின் தோல் சுமார் 13 பங்கும் உறிஞ்சுகின்றன என்று 1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் என்னும் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். நாள்தோறும் பூசப்படும் வலிய மருந்து அடித்தோலின் நார்களை மெலியச் செய்கிறது. சில மாதங்களில் கன்னத்தில் மெல்லிய சிவந்த நாளங்கள் நூல் நூலாகத் தெரியத் தொடங்கும். ஒரே வடிவாகச் சிறு பருக்கள் எழும்பும். மோவாயிலும் கன்ன ஓரத்திலும் மயிர் அரும்பும். வெயிலிற் சென்றாலும் அடுப்பருகே நின்றாலும் முகம் எரியும். அஞ்சிக் களிம்பை நிறுத்தினாலோ, சுருங்கியிருந்த நாளங்கள் ஒருசேர விரிந்து, முகம் செக்கச் சிவந்து கொதித்தெழும். வேதனை தாளாமல் அவள் மீண்டும் அதே டியூபை எடுக்கிறாள். எரிச்சல் அடங்குகிறது. விட நினைத்தும் விட முடியாத நிலை இவ்வாறு தோன்றுகிறது.

இஃது எங்கோ ஒருவருக்கு நேர்வதன்று. நம் நாட்டின் 12 மருத்துவ மையங்களில் முகத்தோல் நோய்களுக்காக வந்த 2,926 பேரை ஆராய்ந்து, தோல் மருத்துவர்கள் 2011-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவர்களுள் 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பு பூசியவர்கள். அதனை நிறம் தரும் கிரீமாகவோ, பொதுவான முகப்பூச்சாகவோ, சவரத்திற்குப் பின் பூசுவதாகவோ கொண்டவர்கள் 126 பேர். மருத்துவர் அல்லாத பிறருடைய சொற்கேட்டுப் பூசியவர்கள் 257 பேர், அதாவது நூற்றுக்கு 59 பேர். அந்தப் 'பிறருள்' தோழியர் உண்டு, உறவினர் உண்டு, மருந்துக் கடைக்காரர் உண்டு. அழகு நிலையத்தாரும் அவ்வரிசையில் நிற்க நேரலாகாது என்பதே நம் கவலை.

இதிற் குழப்பம் விளைத்த மற்றொன்று முக்கூட்டுக் களிம்பு. 1975-இல் கிளிக்மன், வில்லிஸ் என்னும் இருவர் ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் ஆகிய மூன்றையும் சேர்த்து நிறமியைக் குறைக்கும் ஒரு கலவையை அமைத்தனர். அதன் வழிவந்த கலவைகள் கன்னத்தில் படரும் மங்குக்குச் சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் மேற்பார்வையிற் பூசத் தக்கவை. அவற்றுள் சில, முன்னதினும் வலிய ஸ்டீராய்டு சேர்க்கப்பட்டு, நம் நாட்டுக் கடைகளிற் கேட்டவர்க்கெல்லாம் கிடைத்து வந்தன. மேற்பூச்சு என்பதால் மருந்துச் சீட்டுத் தேவையில்லை என்று விதியில் இருந்த இடைவெளியே அதற்கு வழி செய்தது. 2018-இல் அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை 'எச்' அட்டவணையுட் கொணர்ந்து, மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்கலாகாது என்று ஆணையிட்டது. விதி வந்தது, பழக்கம் போய்விட்டதென்று சொல்லுவதற்கில்லை.

அழகுக்கலை செய்பவர் இதில் அறிய வேண்டியது பெரிய படிப்பன்று. வாடிக்கையாளரின் டியூபைக் கேட்டு வாங்கி, பொடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தாற் போதும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், டெக்சாமெத்தசோன், புளூசினோலோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. 'ஆர்எக்ஸ்' என்ற குறி அச்சிட்டிருந்தால் அது மருத்துவர் சீட்டுக்குரிய மருந்து. அழகுப் பொருள் அன்று. குளோபெட்டசால் இவ்வினத்தில் மிக வலிய வகுப்பைச் சேர்ந்தது. படர்தாமரைக் களிம்பு என்று விற்பவை சிலவற்றிலும் அது கலந்திருப்பதுண்டு. முகத்தில் அதனைப் பூசி வந்த பெண்ணொருத்தி 'பேஷியல்' செய்துகொள்ள வந்தால், அன்று அவள் முகத்தைத் தொடாதிருப்பதே நல்ல தொழில். மெலிந்த தோலில் 'பிளீச்' காந்தும். அமிலப் பூச்சு புண்ணாக்கும். 'வேக்சிங்' தோலையே உரித்தெடுத்து விடும். பருவுக்காக டிரெட்டினாயின் பூசுவோர்க்கும், ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்போர்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வேக்சிங் தொடங்குமுன் இதனைக் கேளாத நிலையங்கள் பல. கேட்பதற்கு அரை நிமிடம் ஆகாது.

அடுத்து, டியூபும் பெயரும் இல்லாத டப்பாக்கள். எங்கு செய்தது, என்ன சேர்ந்தது என்று ஒன்றும் எழுதப்படாத முகப்பூச்சுகள் சந்தையில் உலவுகின்றன. அவற்றுட் சிலவற்றில் பாதரசம் உண்டு. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுப்பது. ஆதலின் விரைவில் வெளுப்புத் தரும். ஆனால் அது தோலோடு நில்லாது இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். நைரோபி நகரில் சிறுநீரக நோயுற்ற பெண்கள் பலர் பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்பு பூசியவர்கள் என்பது 1972-லேயே மருத்துவ உலகம் அறிந்த செய்தி. அரை நூற்றாண்டுக்குப் பின் அதே கதை நம் அண்டை மாநிலத்தில் எழுந்தது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் நோயின் ஓர் அரிய உட்பிரிவு காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் தரும் களிம்பு பூசி வந்தவர்கள். களிம்பை விட்டபின் பெரும்பாலோர் தேறினர் என்பது நமக்கு ஆறுதல்.

நம் நாட்டு அழகுப் பொருள்களின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, கண்ணுக்குரிய பூச்சுகள் தவிர மற்றவற்றில், அறியாமற் கலந்த பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது. அதனைக் கண்ணாற் கண்டறிய முடியாது. மணத்தாலும் அறிய முடியாது. கேலமல் என்றோ, மெர்குரி என்ற சொல் கலந்த எந்தப் பெயரோ மேலட்டையில் இருந்தால் விலக்க வேண்டும். மேலட்டையே இல்லாததை, எவ்வளவு இலாபம் கிடைப்பதாயினும், நிலையத்தில் வைத்து விற்கலாகாது. பழைய வாடிக்கையாளர் ஒருவர், காலையில் முகமும் கண்ணிமையும் வீங்குகின்றன, சிறுநீர் நுரைக்கிறது, காலிற் செருப்புப் பதிந்த தடம் மறைவதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னால், அது அழகைப் பற்றிய பேச்சன்று. அன்றே அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அமிலப் பூச்சு, லேசர் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லுவோம். இந்நாளில் இவற்றைக் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்யும் இரண்டு நாள் வகுப்புகள் பல. லேசர் ஒளி நிறத்தைத் தேடிப் பாய்ந்து வெப்பமாவது. 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்போர் வகுத்த தத்துவம் அது. மயிர்க்காலின் கருமையை நாடிச் செல்லும் ஒளி, மாநிறத் தோலின் மேற்புறத்து நிறமியையும் வழியிலேயே சுட்டு விடக் கூடும். எந்த அலைநீளம், எவ்வளவு ஆற்றல், எவ்வாறு குளிர்விப்பது என்பவற்றை முகத்திற்கு முகம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அது மருத்துவர் பொறுப்பில் நடக்க வேண்டிய செயல். ஊசியும் அவ்வாறே, அதில் விவாதத்திற்கு இடமில்லை.

அப்படியானால் அழகுக்கலை செய்பவருக்கு மிஞ்சியது என்ன என்று கேட்கலாம். மிஞ்சியதே மிகுதி. மென்மையாகத் தூய்மை செய்தல், வறண்ட தோலுக்கு ஈரப்பசை தருதல், புருவம் திருத்துதல், கருவிகளையும் துண்டுகளையும் ஒருவருக்குப் பயன்பட்டபின் தூய்மை செய்தே மற்றவருக்கு எடுத்தல், வெயிற் காப்புக் களிம்பை எவ்வளவு பூசுவது, எத்தனை மணிக்கு ஒரு முறை பூசுவது என்று பழக்குதல் ஆகிய இவற்றாலேயே பல முகங்கள் தெளிவடைகின்றன. மங்குக்கு வெயிற் காப்பைவிடச் சிறந்த துணை இல்லை. தலைச்சாயம் பூசுமுன் காதின் பின்னோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவி இரண்டு நாள் பார்ப்பது போல, முகத்திற்குரிய புதிய பொருளையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். மணப்பெண்ணுக்கு முகூர்த்தத்திற்கு முதல்நாள் புதியது எதையும் செய்து பார்க்கலாகாது. தாயார் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி.

ஸ்டீராய்டு பூசுபவரைக் கண்டறிந்தால், "இன்றோடு விட்டுவிடு" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. விட்டால் முகம் சிவந்தெழும் என்பதையும், அது சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் நீடிக்கலாம் என்பதையும் முன்னரே சொல்லி, தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். படிப்படியாகக் குறைப்பதா, உடனே நிறுத்தி வேறு மருந்து தருவதா என்பதை அவர் முடிவு செய்வார். நிலையத்தின் குறிப்பேட்டில் அப்பெண்ணின் பெயருக்கு எதிரே களிம்பின் பெயரையும், பூசத் தொடங்கிய மாதத்தையும் எழுதி வைத்து, அதன் படியொன்றை அவள் கையிற் கொடுக்கலாம். டியூபையும் கையோடு எடுத்துச் செல்லச் சொல்ல வேண்டும். தீர்ந்துபோய் நசுங்கிக் கிடந்தாலும் குப்பையிலிருந்து எடுத்துப் போகட்டும். பெயர் பாதி அழிந்திருந்தாலும் மருத்துவர் அறிந்து கொள்வார்.