கையெழுத்துப் போடும் முன்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்.

நம் பிள்ளைகள் ரோபோ போட்டிக்குப் போய்வந்த நாளிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. ரோபோ நகர்த்திய கட்டை கட்டத்துக்குள் இருந்ததா, கோட்டின்மேல் இருந்ததா? நடுவர் பாதி மதிப்பெண்தான் போட்டார். ஒரு அப்பா எடுத்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன். உள்ளே இருப்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் அது பக்கவாட்டிலிருந்து எடுத்தது.

சர்க்குலர் படித்த பழக்கம் விடுமா? விதிகளைத் தேடிப் படித்தேன். உலக ரோபோ ஒலிம்பியாட் 2004-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2016 இறுதிச்சுற்று டெல்லியில் நடந்தது. நம் பிள்ளைகள் போனது வேறு போட்டி, கையெழுத்து முறை மட்டும் இதேதான். ஓட்டம் முடிந்ததும் நடுவர் மதிப்பெண் போடுவார். குழு ஒப்புக்கொண்டால் கையெழுத்து. அதற்குப் பின் புகார் கிடையாது. பயிற்சியாளர் அந்தப் பேச்சில் தலையிடக் கூடாது. வீடியோ, போட்டோ சாட்சியாகாது.

வங்கிக் கவுன்ட்டரில் எழுதியிருக்குமே, பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு நகரவும் என்று. அதே கதைதான்.

வீடியோ கூடாது என்பது முதலில் எனக்கும் அநியாயமாகப் பட்டது. 1992-ல் டர்பனில் டெண்டுல்கருக்கே டிவி பார்த்துத்தானே ரன் அவுட் கொடுத்தார்கள்? ஆனால் அங்கே கேமரா இரண்டு அணிக்கும் பொது. இங்கே நல்ல போன் வைத்திருக்கும் அப்பா யார் பக்கமோ, அந்தக் குழுவுக்குத்தான் நியாயம் கிடைக்கும்.

பர்ஸ்ட் லெகோ லீக் என்று இன்னொரு போட்டி. அதில் மயிரிழைச் சந்தேகம் என்றால் பலன் குழுவுக்கே. இதெல்லாம் தெரிந்தால்தானே பிள்ளை வாய் திறக்கும்! நம் குழந்தைகள் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அழுதார்கள். பெரியவர் ஒருவரிடம், "சார், இன்னொரு தடவை மேலிருந்து பாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்ல நாம் எங்கே பழக்கினோம்?

அமைப்பாளர்களுக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் போடச் சொல்கிறார்கள். கையெழுத்து இருக்கிற தாளுக்கு எதிராக நான் கடிதம் எழுத மாட்டேன்.

அதற்குப் பதில், அடுத்த போட்டிக்கு முன் சங்கக் கூடத்தில் ஒரு ஒத்திகை வைப்போம். நான்தான் நடுவர். வேண்டுமென்றே தப்பாக மதிப்பெண் போடுவேன். பிள்ளைகள் விதியைக் காட்டித் திருத்த வேண்டும். பெற்றோருக்கு வெளியே வராந்தாவில் காபி. கைபேசிகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகலாம், ரசீது தருகிறேன்.