பன்றித் தீனியைப் படிக்கப் போனேன்

(நலன்புரிக் கூட்டமொன்றில் ஆராய்ச்சி மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"இவ்வளவு படிச்சிட்டு, கடைசியில பன்னிக்கூட்டுலயா வேல பாக்குற புள்ள?" இப்படி என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அதற்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படித்து, பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்குப் போனேன். நான்கு வருடப் படிப்பு. அங்கே ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் வயிறு நிறையத் தின்கிற பன்றிக்குட்டி ஏன் வளர்வதில்லை?

மாட்டுக்குப் புல் போதும். பன்றிக்கோ நம்மைப் போல ஒற்றை இரைப்பை. நார் அதிகமானால் அதற்குச் செரிக்காது. புரதத்திலும் ஒரு சங்கதி உண்டு. புரதம் பல அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் லைசின் என்பதுதான் பன்றிக்கு முதலில் குறைகிறது. கல் குவிந்திருந்தும் சீமெந்து இல்லையென்றால் சுவர் எழும்புமா? அதே கதைதான். மிச்சப் புரதம் உடைந்து சிறுநீரில் வீணாகப் போய்விடும்.

வளரும் குட்டியின் தீனியில் லைசின் சுமார் 1 சதவீதம் வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கில் அதில் பாதியளவுதான் உண்டு. சோயாப் புண்ணாக்கில் ஏறக்குறைய 3 சதவீதம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் சோயாவோ மீன் தூளோ கலந்தால் அதே குட்டி தேறும்.

என் ஆராய்ச்சி என்ன தெரியுமா? போட்ட தீனியை நிறுப்பது, மிச்சத்தை நிறுப்பது, சாணத்தைச் சேர்த்துக் காயவைத்துச் சோதிப்பது. தின்றதில் எவ்வளவு செரித்தது என்பதைச் சாணம் சொல்லிவிடும். நாற்றம்தான்! ஆனால் கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தாலும் கேள்வி கேட்கிற நமக்கு, நிறுத்துப் பார்க்கும் வேலை புதிதா?

இன்னொன்றும் கட்டாயம் சொல்லவேண்டும். 2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிலும் உறுதியானது. மனிதருக்கு அது தொற்றாது. ஆனால் பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது, கூடே காலியாகிவிடும். ஹோட்டல் மிச்சத்தில் கிடக்கும் பன்றியிறைச்சித் துண்டாலும் அது பரவும். ஆகவே இறைச்சி கலந்த எச்சில் சோற்றைப் போடாதீர்கள். வேறு எச்சில் சோறு போடுவதானாலும் 30 நிமிடமாவது கிளறிக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் போடுங்கள். பன்றிகள் அடுத்தடுத்துச் செத்தால் விற்கவோ வெட்டவோ வேண்டாம். உடனே அரசாங்க மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தாய்மார்களே, டாக்டர், டீச்சர் மட்டும்தான் படிப்பு என்று நினைக்காதீர்கள். ஒரு பன்றியை விற்றுப் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவைப் பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பன்றி நன்றாக வளர வழி சொல்வதும் ஒரு விஞ்ஞானம்தான். உங்கள் பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். படிக்க விடுங்கள்.