பெட்டி கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி



மகன் வெளிநாடு புறப்படுகிறான் என்றால், அம்மா முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றி அல்ல. "அங்கே அடிதடி, வெட்டுக்குத்து ஒன்றும் இல்லையே?" என்றுதான் கேட்பார். அப்பா வாய் திறக்க மாட்டார்; பேப்பரில் அந்த ஊர்ச் செய்தியை மட்டும் தேடித் தேடிப் படிப்பார். மகன் செல்போனில் ஒரு படத்தை நீட்டுவான். பச்சைப் பாய் விரித்த மாதிரி தேயிலை, மேலே வெள்ளைப் பனி. "இந்த ஊரில் என்னம்மா பயம்?" என்பான்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. மகன் காட்டிய படமும் பொய்யல்ல. ஆனால் பார்க்க வேண்டிய இடத்தை இருவருமே பார்க்கவில்லை. அந்த இடம் எது என்பதுதான் இன்றைய பேச்சு.

படத்தில் இருப்பது கேமரன் மலை. மலேசியாவில், பகாங் மாநிலத்தில் இருக்கிறது. 1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. கன்று நட்டுக் கொழுந்து கிள்ளிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். பிரிஞ்சாங்கில் இன்றும் தண்டாயுதபாணி கோயில் மணி அடிக்கிறது.

ஆக, இந்த மலைக்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு வகை ஆட்கள் வந்தார்கள். ஒருவர் பங்களாவில் இருந்த துரை. இன்னொருவர் லயத்தில் இருந்த தொழிலாளி. மலை ஒன்று, காடு ஒன்று, மழை ஒன்று. ஆபத்தும் இருவருக்கும் ஒன்றுதானா?

தேடப்பட்டவரும் தேடப்படாதவர்களும்

கேமரன் மலை என்றதும் உலகம் சொல்கிற கதை ஒன்று உண்டு. ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன கோடீஸ்வரர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தானா ராத்தா அருகே நண்பர்களின் 'மூன்லைட்' பங்களாவில் தங்கியிருந்தவர், பிற்பகலில் வெளியே நடந்தார். திரும்பவில்லை. போலீஸ் தேடியது, ராணுவம் தேடியது, காட்டை உள்ளங்கை ரேகைபோல் அறிந்த ஓராங் அஸ்லி மக்கள் தேடினார்கள், மந்திரவாதிகள்கூட வந்தார்கள். இன்றுவரை துப்பு கிடைக்கவில்லை. புத்தகங்கள் வந்தன; படங்கள் வந்தன.

இதே நாட்டில் அதற்கு 25 ஆண்டு முன்பு என்ன நடந்தது? ஜப்பானியர் ஆட்சி. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே சுமார் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். சிலரைப் பலவந்தமாகப் பிடித்தார்கள். சிலரிடம் நல்ல கூலி, கொஞ்ச நாள் வேலை என்று சொன்னார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அடியிலும் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று சரியான கணக்கே இல்லை. அதுதான் சயாம் மரண ரயில்.

ஒருவர் காணாமல் போனார். மலையே திரண்டு தேடியது. ஆயிரக்கணக்கானவர்கள் காணாமல் போனார்கள், பெயர்ப்பட்டியல்கூட மிஞ்சவில்லை. பாதுகாப்பை எடைபோட முதல் படிக்கல் இங்கே கிடைக்கிறது. 'எனக்கு ஆபத்து வருமா?' என்பது பாதிக் கேள்விதான். 'வந்தால் என்னைத் தேட ஆள் உண்டா?' என்பது மீதிக் கேள்வி.

துரையின் கணக்கு, தொழிலாளியின் கணக்கு

1948 ஜூன் 16. பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960 வரை நீடித்தது. பொதுமக்களில் மட்டும் 2,400 பேருக்கு மேல் பலியானார்கள்.

துரைமார்கள் என்ன செய்தார்கள்? பங்களாவைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். மணல் மூட்டை அடுக்கினார்கள். துப்பாக்கி, காவலர்கள், கவச வண்டி எல்லாம் வந்தன. கேமரன் மலையில் பிரிட்டிஷ் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்காக 1951-ல் ஒரு பள்ளிக்கூடமே தொடங்கினார்கள். தாப்பாவிலிருந்து மேலே ஏறும் வளைவுச் சாலையில் அந்தப் பிள்ளைகள் ராணுவக் காவலோடு போனார்கள்.

அவர்களுக்கு மட்டும் ஆபத்து இல்லையா? இருந்தது. 1951 அக்டோபர் 6 அன்று பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியே ஃப்ரேசர் மலைக்குப் போகும் வழியில் காவல் வண்டிகளோடு போகும்போதே சுடப்பட்டு இறந்தார். ஆனாலும் துரையிடம் ஒன்று இருந்தது. நிலைமை தாங்காவிட்டால் கப்பல் ஏறலாம். பாஸ்போர்ட் அவர் பையில், பணம் அவர் பாங்கில், அரசாங்கம் அவர் பக்கம்.

தொழிலாளிக்கு? பகலில் சிப்பாய் வந்து, "கெரில்லாவுக்குச் சோறு போட்டாயா?" என்று கேட்டான். இரவில் கெரில்லா வந்து, "சிப்பாயிடம் காட்டிக் கொடுத்தாயா?" என்று கேட்டான். காட்டுக்குள் உணவு போய்விடக் கூடாது என்று, பல தோட்டங்களில் மதியச் சோற்றைக்கூட வேலைக்காட்டுக்கு எடுத்துப்போக விடவில்லை. வேலியைத் தாண்டினால் சோதனை. ஊர் திரும்பலாம் என்றால் கையில் காசில்லை.

அதற்கும் முன்னே போகலாம். 1941-ல் சிலாங்கூரின் கிள்ளான் பகுதி ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? தோட்டத்துப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துங்கள் என்று கேட்டார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழியுங்கள் என்று கேட்டார்கள். பதிலுக்குத் துப்பாக்கிச் சூடு. ஐந்து பேர் இறந்தார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

கவனியுங்கள். அந்தத் தொழிலாளிக்கு வன்முறை எங்கிருந்து வந்தது? காட்டுப் புலியிடமிருந்து அல்ல. தெருப் போக்கிரியிடமிருந்தும் அல்ல. கூலி கொடுக்கிற இடத்திலிருந்தும், சட்டம் பேசுகிற இடத்திலிருந்தும் வந்தது. இது இரண்டாவது படிக்கல். முன்பின் தெரியாதவனைவிட, நம்மை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கக் கூடியவனே ஆபத்தானவன்.

இன்றைய மலை

காலம் மாறிவிட்டது. கிழக்கே போன கூலிக் கப்பல்கள் இல்லை. அந்தத் தோட்டத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் மலேசியக் குடிமக்கள். டாக்டர், வக்கீல், வியாபாரி என்று தலை நிமிர்ந்து நிற்கிறார்கள். மலையில் தேயிலையும் காய்கறியும் பறிப்பவர்களில் இன்று ஏராளமானோர் வங்கதேசம், நேபாளம், இந்தோனேஷியா, மியான்மர் நாட்டுக்காரர்கள். தமிழ்நாட்டுப் பையன்களும் மலேசியாவுக்குப் போகிறார்கள். உணவகத்துக்கு, முடிதிருத்தும் கடைக்கு, தோட்டத்துக்கு.

அவர்களிடம் ஏஜென்ட் என்ன சொல்கிறார்? "டூரிஸ்டாகப் போய்விடு தம்பி, பெர்மிட்டை அங்கே எடுத்துக்கலாம்." 2023 டிசம்பரில் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு வந்ததும், இந்தப் பேச்சு இன்னும் சுலபமாகிவிட்டது. முப்பத்தோராவது நாள் அந்தப் பையன் யார்? சட்டப்படி குற்றவாளி. மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தில் 2002-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, சட்டவிரோதமாக நுழைந்தவருக்குச் சிறை, அபராதத்தோடு ஆறு பிரம்படி வரை தண்டனை உண்டு. விசா முடிந்து தங்கிவிட்டாலும் தடுப்பு முகாமும் வழக்கும் காத்திருக்கின்றன.

இப்போது முதலாளி அடித்தால் அவன் என்ன செய்வான்? சம்பளம் தராவிட்டால் யாரிடம் போவான்? போலீஸைப் பார்த்து ஓடி ஒளிகிறவன் போலீஸிடம் எப்படிப் புகார் கொடுப்பான்? போலீஸ் ஸ்டேஷன் படியேற முடியாதவனுக்கு உலகத்தில் எந்த ஊரும் பாதுகாப்பான ஊர் அல்ல. சிங்கப்பூர் மாதிரி ஊர்கூட அவனுக்குக் காடுதான்.

மலேசியாவில் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. அடுத்தவர் பாஸ்போர்ட்டை அதிகாரமின்றி வைத்துக்கொள்வது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, வெளியே போகவும் விடாமல் தடுப்பது கட்டாய உழைப்பு என்ற குற்றம். அந்தத் திருத்தம் 2023 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. வேலையில் காயம் பட்டால் இழப்பீடு தரும் 'சொக்சோ' திட்டத்தில் 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சேர்க்கப்பட்டார்கள். நல்ல முதலாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கதவுகளைத் தட்டக் கையில் முறையான தாள் வேண்டும்.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். 2004-ல் கோலாலம்பூர் அடுக்குமாடி வீடு ஒன்றில் இருந்த இந்தோனேஷியப் பணிப்பெண்ணின் சூட்டுக் காயங்கள் உலகத்தையே பதறவைத்தன. 2008-ல் எஜமானிக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அது அமைதியான, காவல் போட்ட கட்டடம். தெரு பாதுகாப்பாகத்தான் இருந்தது. கதவுக்கு உள்ளேதான் ஆபத்து இருந்தது.

இன்னொன்று. 2024 ஜனவரியில் கேமரன் மலையின் கம்போங் ராஜா பகுதியில் நள்ளிரவில் மண் சரிந்தது. ஐந்து மியான்மர் தொழிலாளர்கள் படுத்த இடத்திலேயே புதைந்தார்கள். அவர்களை யாரும் அடிக்கவில்லை, வெட்டவில்லை. ஆனால் எங்கே படுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

நான்கு கேள்விகள்

"அப்படியானால் போகவே வேண்டாமா?" என்று இந்த அரங்கில் ஒரு பக்கம் கேட்கலாம். "ஊரில் இருந்தால் மட்டும் அடிதடி இல்லையா?" என்று இன்னொரு பக்கம் கேட்கலாம். இரண்டும் நல்ல கேள்வி. வறுமையும் ஒரு வன்முறைதான். அதிலிருந்து தப்பிக்கப் புறப்படுகிறவனைப் பயமுறுத்தி உட்காரவைப்பது தர்மமல்ல. போகட்டும். ஆனால் ஆழம் பார்த்துக் காலை விடட்டும். அந்த ஆழத்தைப் பார்க்க நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? "பத்திரமாக நாங்கள் வைத்திருப்போம்" என்று ஒருவர் சொன்னால், அங்கேயே நில்லுங்கள். நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

இரண்டு, புறப்படும்போது கடன் எவ்வளவு? அந்தக் காலத்தில் கங்காணி கொடுத்த முன்பணம்தான் தொழிலாளியின் காலைக் கட்டியது. இன்று வட்டிக்கு வாங்கி ஏஜென்டுக்குக் கொடுக்கிற லட்சம் அதே வேலையைச் செய்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் என்பது இந்திய அரசின் விதி. பத்தாம் வகுப்பு தேறாதவர் மலேசிய வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அந்த அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று, படுக்கும் இடம் எது, அங்கிருந்து தனியாக வெளியே வர முடியுமா? ஒப்பந்தத்தில் சம்பளத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். தங்கும் இடம், வேலை நேரம், வார விடுமுறை எல்லாவற்றையும் படியுங்கள்.

நான்கு, ஒரு நாள் குரல் வராவிட்டால் யார் தேடுவார்கள்? ஊரில் ஒருவரிடம் முதலாளி பெயர், முகவரி, ஒப்பந்த நகல் இருக்கட்டும். வாரம் ஒரு நாள், ஒரு நேரம் என்று பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் தவறினால் வீட்டிலிருந்து யாருக்கு போன் போக வேண்டும் என்பதும் முன்பே முடிவாகட்டும். மலேசியாவின் அவசர எண் 999. கோலாலம்பூரில் இந்தியத் தூதரகம் இருக்கிறது.

இந்த நான்குக்கும் பதில் இருந்தால், கொஞ்சம் முரட்டு ஊர்கூடப் போகத் தகுந்த ஊர்தான். நான்குக்கும் பதில் இல்லையென்றால், பனி மூடிய தேயிலை மலையும் கம்பியில்லாத ஜெயில்தான்.

அடுத்த முறை மகன் படத்தை நீட்டினால், அம்மா அதை நன்றாகப் பார்க்கட்டும். அழகான ஊர்தான், ரசிக்கட்டும். பிறகு, "அங்கே அடிதடி உண்டா?" என்ற பழைய கேள்வியை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கேட்கட்டும்.

"சரிப்பா, போய்வா. பிடிக்கவில்லை என்றால் மறுநாளே பஸ் ஏறித் திரும்பி வர முடியுமா?"

மகன் உடனே 'முடியும்' என்றால், பெட்டியைக் கட்டலாம். யோசித்தால், அவன் பதில் சொல்லும் வரை பெட்டி அலமாரியிலேயே இருக்கட்டும்.